ஜேர்மனியைப் பற்றித்தான் பேசினேன்

நான் பயந்த சுபாவம் உள்ளவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போவதைப் படிக்கும்போது ஏதோ துணிச்சல்காரி என்று யாராவது நினைத்துவிடுவார்கள். லண்டனுக்கு வந்து சேர்ந்த பிறகும் கதவு மணி அடித்தால் யன்னல் சீலையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குவேன். வந்தவன் தபால்காரனாக இருந்தாலும் அப்படித்தான். அப்படிப்பட்டவள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வட லண்டனில், எட்மண்டனில் ஒரு மண்டபத்தில் ஏறி மைக்கைப் பிடித்தேன் என்றால், அதற்குக் காரணம் வீரம் அல்ல. ஜேர்மனி தூரத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கைதான்.

யாழ்ப்பாணத்தில் நான் சரித்திரம் படிப்பித்தேன். லண்டனில் என் சரித்திரம் யாருக்கும் தேவைப்படவில்லை. பகலில் முதியோர் இல்லம் ஒன்றின் சலவை அறையில் வேலை, மாலையில் ஒரு கல்லூரியில் விட்ட படிப்பைத் தொடர்ந்தேன், சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அந்த வருடம் கல்லூரியில் எனக்குக் கிடைத்த பாடம் ஜேர்மன்காரர் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக நடத்திய போர். எந்தத் தளபதி எங்கே நின்றான் என்பது அல்ல விஷயம். அந்தச் சண்டைக்கு ஜனங்கள் ஏன் எழும்பிப் போனார்கள், எந்த ஆத்திரம், எந்தப் பசி, எந்த வாக்குறுதி அவர்களை வீட்டிலிருந்து கிளப்பியது என்பதுதான். சலவை அறையில் இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போது நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொன்னால், ஊரை யோசிக்காமல் இருப்பதற்கு அது ஒரு வழி என்று நினைத்தேன். அது பெரிய முட்டாள்தனம்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நடத்தியவர் எட்மண்டனில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவருக்கு, யாழ்ப்பாணத்தை அப்போது கையில் வைத்திருந்த இயக்கத்தோடு நெருக்கம் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்வதில்லை. மாதம் ஒருமுறை பெற்றோருக்காக ஒரு பேச்சு வைப்பார். உலகத்து விடுதலைப் போர்கள் என்று தலைப்பு. வியட்நாம் முடிந்திருந்தது, அயர்லாந்து முடிந்திருந்தது. அடுத்தது நீங்கள் ஒரு நாட்டை எடுங்கள் என்று என்னிடம் வந்து நின்றார். மறுத்தால் ஏன் மறுத்தாள் என்று ஒரு கதை வரும். ஒத்துக்கொண்டால் என்ன பேசினாள் என்று ஒரு கதை வரும். நான் ஜேர்மனி என்றேன். நெப்போலியன் காலத்துச் சண்டை, சம்பந்தப்பட்டவர்களின் எலும்பும் மிஞ்சாத சண்டை, அதில் யாருக்கு நோகப்போகிறது?

அப்போது என் பயத்துக்கெல்லாம் ஒரே ஒரு முகம்தான் இருந்தது, என் தங்கச்சியின் முகம். அவள் அப்பா அம்மாவுடன் ஊரில் நின்றாள். மேலே குண்டு, கீழே கரண்ட் இல்லை, சவர்க்காரம் இல்லை. அவளை எப்படியாவது கொழும்புக்கு எடுத்து, அங்கிருந்து லண்டனுக்கு எடுத்துவிட வேண்டும் என்று நானும் கணவரும் தலைகீழாக நின்றோம். ஆனால் அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போவதற்கு இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். போகிறவருக்காக வீட்டில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். தங்கச்சி பாசுக்கு விண்ணப்பித்திருந்தாள், அப்பா பிணை நிற்பதாகச் சொல்லியிருந்தார். அது கிடைக்கும், கிடைக்காது என்று எதுவும் தெரியாத நேரம். அந்தக் காகிதத் துண்டில்தான் அவளுடைய உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

"உமக்கு என்ன விசரே? இந்த நேரத்திலை போய் மேடையிலை ஏறப்போறீர்?" என்றார் கணவர். பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் முடித்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஜேர்மனியைப் பற்றித்தானே பேசப்போறன்," என்றேன்.

"நீர் எதைப் பற்றிப் பேசினாலும் கேக்கிறவை ஊரைப் பற்றித்தான் கேப்பினம்," என்றார்.

அந்த மனுசன் சரித்திரம் படித்தவர் அல்ல. ஆனால் அன்று அவர் சொன்னது என் மண்டையில் ஏறவில்லை.

மண்டபம் ஒரு தேவாலயத்துக்குச் சொந்தமானது. ஒரு மூலையில் குத்துவிளக்கு, மறு மூலையில் மடித்துவைத்த பிங்பொங் மேசை, பின்னால் குசினியில் ரோல்ஸ் பொரிகிற மணம். விளக்கேற்றி, செத்த போராளிகளுக்கு எழுந்து நின்று அக வணக்கம் முடிந்து, எல்லாரும் கதிரைகளில் இருந்தார்கள். என் முன்னால் மேசையில் ஒரு கசெட் ரெக்கோடர் இருந்தது. கடைக்காரர் எல்லாப் பேச்சையும் பதிவு செய்வார். "ஊரிலை சனம் கேக்க ஆசைப்படுகினம்," என்று சொல்லி, பிரதி எடுத்து, போகிற வருகிறவர்களின் கையில் கொடுத்து அனுப்புவார். ரெக்கோடரின் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்ததும் வணக்கம் சொல்லவும் மறந்துபோனேன்.

ஆனால் தொடங்கிய பிறகு எனக்குள் இருந்த டீச்சர் எழும்பிவிட்டாள். என்ன செய்வது, கரும்பலகை இல்லாவிட்டாலும் பழக்கம் போகாது. பிரஷ்யா என்ற தேசம் ஒரு சண்டையில் அப்படியே நொறுங்கிப்போனதைச் சொன்னேன். பிரெஞ்சுச் சிப்பாய்கள் வீடு வீடாக வந்து தங்கியதைச் சொன்னேன். அந்நியன் உங்கள் கட்டிலில் படுத்து, உங்கள் அடுப்பில் சமைத்து, போகும்போது உங்கள் குதிரையையும் கொண்டுபோனால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். முன்வரிசைப் பெண்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கு அதை ஜேர்மனியில் போய்த் தேட வேண்டியிருக்கவில்லை.

பிறகு நான் எனக்குப் பிடித்த பகுதிக்கு வந்தேன். வெறும் ஆத்திரத்தால் மட்டும் அந்தப் போர் வரவில்லை என்றேன். வரி கூடியது, கப்பல் போக்குவரத்து அடைபட்டு வியாபாரம் படுத்தது, கோப்பியும் சீனியும் காணக்கிடைக்கவில்லை. தோற்ற அரசுக்கு ஒரு விஷயம் புரிந்தது. அடிமை மாதிரி நடத்தப்படுகிறவன் அரசனுக்காக உயிரைக் கொடுக்க மாட்டான். ஆகவே குடியானவனைப் பண்ணையாரின் பிடியிலிருந்து விடுவிப்பதாகச் சட்டம் போட்டார்கள். அதுவரை பெருங்குடியில் பிறந்தவனுக்கு மட்டும் இருந்த படைப் பதவிகளை மற்றவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். பிறகுதான் அரசன் "என் மக்களே" என்று கூப்பிட்டான். கூப்பிட்டதும் மாணவர்கள் போனார்கள் என்றுதான் பாட்டும் கவிதையும் சொல்கின்றன, ஆனால் தொண்டர்படையில் கூடுதலாக நின்றவர்கள் தச்சனும் தையற்காரனும் செருப்புத் தைக்கிறவனும்தான் என்றேன். பெண்கள் தங்கத்தைக் கழற்றிக் கொடுத்து இரும்பு மோதிரம் வாங்கிப் போட்டுக்கொண்டதைச் சொன்னபோது மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. வெற்றியைச் சொன்னதும் கைதட்டல். நன்றாகவே தட்டினார்கள்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். குசினியிலிருந்து ரோல்சும் வந்துவிட்டது. ஆனால் பாடத்தைப் பாதியில் விட எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சண்டையில் ஜேர்மன்காரர் இரண்டு பக்கமும் நின்றார்கள் என்று சொன்னேன். நெப்போலியன் சக்கரவர்த்தியின் பக்கம் நின்றவனுக்கும் பிள்ளைகுட்டி இருந்தது, பயம் இருந்தது, அவனைத் துரோகி என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது என்றேன். பிறகு, வென்ற பின் என்ன நடந்தது என்பதற்கு வந்தேன். அரசன் ஓர் அரசியலமைப்புத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான், தரவில்லை. குடியானவனுக்கு விடுதலை கிடைத்தது, ஆனால் அதற்கு விலையாக நிலத்தில் ஒரு பங்கைப் பண்ணையாருக்கே கொடுக்க வேண்டியிருந்தது. சண்டைக்குப் போய்த் திரும்பிய மாணவர்கள் சங்கம் வைத்தார்கள், சங்கங்களைத் தடைசெய்தார்கள். பத்திரிகைக்குத் தணிக்கை, வகுப்பறைக்கு ஒற்றன். பெடியன்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துப் போருக்கு அனுப்பிய ஓர் ஆசிரியரைப் பிடித்து, எந்த அரசுக்காக அனுப்பினாரோ அந்த அரசே வருடக்கணக்காகச் சிறையில் வைத்தது என்றேன்.

இதைச் சொல்லி முடித்து நிமிர்ந்தபோது யாரும் அசையவில்லை. ஒரு குழந்தை மட்டும் கதிரையை இழுத்தது. நான் பார்த்தேன், என்னைப் பார்த்துக்கொண்டிருந்த முகங்கள் எல்லாம் ஒன்றாகக் கீழே குனிந்துகொண்டன. அப்போதுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று என் காதுக்குக் கேட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் எழுந்து வந்து ரெக்கோடரின் பொத்தானை அமத்தினார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"டீச்சர் கனக்க வாசிச்சிருக்கிறா," என்று மட்டும் நன்றியுரையில் சொன்னார்.

தேநீர் நேரத்தில் என்னைச் சுற்றி ஒரு வெறும் வட்டம் விழுந்திருந்தது. அந்த வட்டத்துக்குள் ஒரேயொரு மனிதர் வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. நான் முன்பின் கண்டதில்லை. என் கையில் ஒரு கோப்பை தேநீரைத் தந்துவிட்டு, "டீச்சர் எந்த ஊர்?" என்றார்.

எங்கள் ஆட்களிடம் இந்தக் கேள்விக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊரைச் சொன்னால் அதோடு நிற்காது. எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை, ஆருடைய மகள் என்று அடுத்தடுத்து வரும். நாங்களும் தாமதமில்லாமல் சொல்லிக்கொண்டு போவோம். யாராவது சொந்தக்காரர் அகப்பட்டுவிடுவாரா என்று இரண்டு பக்கமும் ஓர் ஆசை. முகமறியாத இடத்தில் அது ஒரு மரியாதை. நானும் சொன்னேன். ஊரைச் சொன்னேன், ஒழுங்கையைச் சொன்னேன், அப்பா தபால் கந்தோரில் இருந்தவர் என்றேன்.

"இப்ப அங்கை ஆர் நிக்கினம்?"

"அப்பா, அம்மா. தங்கச்சி நிக்கிறா. பாசுக்குப் போட்டிருக்கிறம்."

"எப்ப போட்டவை?"

அதையும் சொன்னேன். தங்கச்சியின் பெயரையும் அவர் கேட்டார், அதையும் சொன்னேன். அவர் "நல்லது" என்று தலையாட்டிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கோப்பையை உதட்டில் வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் எந்த ஊர் என்று நான் கேட்கவே இல்லை. இயக்கத்துக்குப் பிடிக்காததைப் பேசிவிட்டு, என் வீட்டுக்கு வழியையும் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கோப்பையை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன்.

என்னைக் கூட்டிப்போக வந்த கணவரிடம் பேருந்தில் சொன்னேன். அவர் ஏசவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "பெயரையும் சொன்னனீரோ?" என்று மட்டும் கேட்டார். நான் அழத் தொடங்கினேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. ஊரில் ரெலிபோன் இல்லை. கடிதம் வந்தால் வரும், வராவிட்டால், ஊரிலிருந்து வெளியே வர மிஞ்சியிருந்த ஒரே வழியான கடலேரியில் ஏதோ சண்டை என்று அர்த்தம். சலவை அறையில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருப்பேன், திடீரென்று தங்கச்சியை யாரோ ஒரு மேசைக்கு முன்னால் இருத்திக் கேள்வி கேட்பது போலத் தோன்றும். உன் அக்கா லண்டனில் யாரைக் குத்திச் சொன்னாள்? அவள் என்ன பதில் சொல்லுவாள் பாவம், அவளுக்கு ஜேர்மனி எங்கே இருக்கிறது என்றே சரியாகத் தெரியாது. அந்த நினைப்பு வந்ததும் விரிப்பைப் போட்டுவிட்டு மலசலகூடத்துக்கு ஓடுவேன். கண்காணிப்பாளர் எனக்கு ஏதோ வருத்தம் என்று நினைத்து டொக்டரிடம் போகச் சொன்னார். எந்த டொக்டரிடம் போய் என்னவென்று சொல்வது?

ஒருநாள் துணிந்து கடைக்குப் போனேன். கடைக்காரர் முருங்கைக்காயைக் கட்டுக்கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கத்தரிக்காயை எடுத்து வைத்து, மெதுவாக, "அண்ணை, அண்டைக்குப் பேசின கசெட் இருக்கோ? நான் ஒருக்கால் கேக்கலாமோ?" என்றேன்.

"அது ஊருக்குப் போயிட்டுதே."

"முழுக்கவோ?"

"கொஞ்சம் சுருக்கித்தான் அனுப்பினது," என்றார். முருங்கைக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எந்தப் பகுதியைச் சுருக்கினீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால், எனக்கும் அந்தப் பகுதி பிழை என்று தெரியும் என்று ஆகிவிடும். கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் அதைச் சமைக்கவும் இல்லை. கடைசியில் அழுகித்தான் போனது.

அந்தக் கோட்டுக்காரரை மறுபடி காணவே இல்லை. கிங்ஸ்பரியில் ஒரு கலியாணத்தில் அவரைப் போல ஒருவர் பந்தியில் இருப்பதைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலே கணவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அது வேறு யாரோ. மாப்பிள்ளை வீட்டார் எங்களோடு கோபித்துக்கொண்டதுதான் மிச்சம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆத்திசூடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாலும், பின்கதவில் ஒரு நிழல் ஆடினால் எனக்கு அடுத்த வரி மறந்துபோகும். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெலிபோன் அடித்தது. கொழும்பிலிருந்து யாரோ ஒருவர் ஓர் இலக்கத்தைச் சொல்லி, இதற்குத் திருப்பி எடுங்கள் என்று வைத்துவிட்டார். எடுத்தேன். அங்கே என் தங்கச்சியின் குரல்.

"அக்கா, நான் வந்திட்டன். லொட்ஜிலை நிக்கிறன்."

நிலத்திலேயே இருந்துவிட்டேன். கணவர் குசினியிலிருந்து ஓடிவந்தார். நான் கையைக் காட்டி, வந்துவிட்டாள், வந்துவிட்டாள் என்று அவருக்குச் சைகை செய்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். கடலேரியைப் படகில் கடந்தது, தலைக்கு மேல் வெளிச்சக்குண்டு போட்டது, செருப்பு இரண்டும் சேற்றில் போனது எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். அம்மா தந்துவிட்ட பனம்பழப் பினாட்டு மட்டும் நனையவில்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, பாஸ் தந்தவர் உங்களைக் கேட்டவர்."

நான் நிலத்திலிருந்து எழும்பினேன்.

"மற்ற ஆக்களை வெளியிலை விட்டிட்டு என்னை மட்டும் உள்ளுக்கை கூப்பிட்டவர். என்னை விட ரெண்டு மூண்டு வயசுதான் கூட இருக்கும். 'லண்டனிலை ஜேர்மன்காரற்றை சண்டையைப் பற்றிப் பேசினது உங்கட அக்காவோ' எண்டு கேட்டார். எனக்குச் சீவன் போயிட்டுது. ஓமெண்டன்."

"பிறகு?"

"அவற்றை மாமா லண்டனிலை இருக்கிறாராம். உங்களிட்டைக் கேட்டு எங்கட விபரமெல்லாம் எழுதினது அவர்தானாம். பாஸ் தாற இடத்திலை இவர் இருக்கிறதாலை, எங்களைக் கவனிக்கச் சொல்லி இவருக்கு எழுதினவராம். இவர் அந்தக் கசெட்டையும் கேட்டவராம் அக்கா. கரண்ட் இல்லைத்தானே, சைக்கிள் டைனமோவை மிதிச்சு மிதிச்சு நாலைஞ்சு தரம் கேட்டவராம். ஆனா ஜேர்மன்காரர் வெண்ட இடத்திலை கைதட்டலோடை கசெட் முடியுதாம். அதுக்குப் பிறகும் டீச்சர் பேசினவ எண்டு மாமா எழுதியிருக்கிறாராம். என்ன பேசினவ எண்டு மட்டும் எழுதேல்லையாம்."

நான் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இத்தனை வாரமாக நான் பயந்துகொண்டிருந்த அந்தக் கோட்டுக்காரர், எனக்கு உதவி செய்துவிட்டு, என் பேச்சின் கடைசிப் பகுதியை ஒரு கடிதத்தில் எழுதப் பயந்துபோய் இருந்திருக்கிறார்.

"அவர் என்னட்டைக் கேட்டது இதுதான் அக்கா. 'வெண்டாப்பிறகு அந்தச் சண்டைக்குப் போன பெடியளுக்கு என்ன நடந்தது? அக்காட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ' எண்டவர். அதைக் கேட்டுப்போட்டுத்தான் பாசை நீட்டினவர்."

"நீ இனி அங்கை போகமாட்டாயே," என்றேன்.

"அப்பாதானே பிணை நிக்கிறார். அவை கூப்பிடுற நேரமெல்லாம் அப்பா அங்கை போகவேணும். அவருக்கு எழுதினா அவர் போய்ச் சொல்லுவார். என்ன எழுத?"

அந்தப் பதிலுக்காக நான் மாதக்கணக்காகப் படித்திருந்தேன். மண்டபம் நிறைந்த சனத்தில் ஒருவர் கூடக் கேட்காத கேள்வியை, துவக்கு வைத்திருக்கிற ஒரு பிள்ளை டைனமோவை மிதித்துக்கொண்டிருந்து கேட்டிருக்கிறது. கொடுத்த வாக்கு என்ன ஆனது, நிலம் யாருக்குப் போனது, யார் சிறைக்குப் போனார்கள் என்று சொல்ல வேண்டியது அவனுக்குத்தான். ஆனால் அதைக் கொண்டுபோய் அந்த மேசைக்கு முன்னால் நின்று சொல்லப்போவது என் அப்பா. பக்கத்தில் யார் நிற்பார்கள், அதை யார் கேட்பார்கள், யாருக்குத் தெரியும்? தபால் கந்தோரில் முத்திரை குத்திக்கொண்டிருந்த மனிதர். அவருக்குச் சுற்றி வளைத்துப் பேசவும் வராது. எழுதினதை எழுதினபடியே சொல்லிவிடுவார்.

கணவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் சுகமாய் வீட்டை போய்ச் சேர்ந்தவை எண்டு எழுது," என்றேன்.

"அவ்வளவுதானோ?"

"ஓம். அவ்வளவுதான்."

"அப்பாடா," என்றாள் தங்கச்சி. "அவர் கேட்ட மாதிரியைப் பார்த்து, என்னவோ ஏதோ எண்டு நான் பயந்தே போனன் அக்கா."